ஆனிக் கடைசி ஞாயிறன்று கம்பியில் நின்றுபோன பதிலைக் கண்டுபிடித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
டி. ஆர். பத்ரிநாத்,
ஓய்வு பெற்ற ரயில்வே அஞ்சல் பிரிப்பாளர்,
பழைய சாயக்காரர் சந்து,
சிம்மக்கல், மதுரை – 625 001.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
நான்மாடம் பிராட்பேண்ட் சேவை,
மண்டல அலுவலகம், கோரிப்பாளையம்,
மதுரை – 625 002.

பொருள்: வீட்டு இணைய இணைப்பு – ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே கம்பித் தொடர்பு அவ்வப்போது விட்டுப்போதல் – அவ்வாறு விட்டுப்போனபோது வழியில் நின்றுவிட்ட ஒரு பதிலைச் சேர்ப்பிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் முடியும் தங்கள் குறுஞ்செய்திகள், பல நாளிட்டவை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நேரத்தின் அருமை தெரிந்தவன் என்பதால் சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இயலவில்லை. பழுது விட்டு விட்டு வருவது. அதைச் சொல்லும் மனுவும் சற்று விட்டு விட்டுத்தான் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் ரயிலில் அஞ்சல் பிரித்தவன். ஓடும் பெட்டிக்குள் நின்றபடியே என் பணிக்காலம் போயிற்று. ஓய்வுக்குப் பின் நான் வாழும் வீடும் ஏறத்தாழ ஒரு ரயில் பெட்டிதான். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னறை, நடுவே வானம் தெரியும் ஒரு முற்றம், அதைத் தாண்டிப் பின்னறை. முற்றத்தின் நெடுக ஒரு கொடி கட்டியிருக்கிறது. கொடியில் எப்போதும் ஈரச் சேலை. என் மனைவி ரங்கநாயகி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். வெள்ளைத் துணியில் சிட்டிகை சிட்டிகையாக எடுத்து, நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் முக்கினால் முடிந்த இடமெல்லாம் பின்னால் புள்ளியாக மலரும். கையில் துணி இல்லாத நேரத்தில் முந்தானையை முடிந்துகொண்டிருப்பார். சிக்கு விழுந்த நூலைக் கண்டால், யாருடன் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, அதைப் பிரித்துச் சீராக்கிய பிறகே மீதியைப் பேசுவார். இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்னால் தேவைப்படும்.

2. எங்கள் ஒரே மகள் ஸ்வர்ணா கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் ஆலையில் நிறம் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். நேற்று வந்த நீலமும் இன்று வந்த நீலமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாரும் "ஒன்றுதான்" என்று சொல்லும்போது "இல்லை" என்று சொல்வதற்காக அவளுக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு வரன் பார்ப்பதிலுள்ள சிரமத்தைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். கடைசியில் எங்கள் சமூகத்திலேயே வெங்கடேஷ்பாபு அவர்களின் மகன் ஹரிஷ்குமாரின் ஜாதகம் பொருந்தி வந்தது. பையனுக்கு அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் வேலை. ஆவணியில்தான் விடுப்பு. அதற்குள் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும் என்று இரு வீட்டாரும் முடிவு செய்ததன் பேரில், சென்ற சித்திரையில் தங்களிடம் இணைப்புக்கு விண்ணப்பித்தேன்.

3. இணைப்புக் கொடுக்க வந்தவர் தங்கள் ஊழியர் அருள்பாண்டி. செக்கானூரணிப் பக்கத்துப் பிள்ளை, நல்ல குணம். தெருக்கம்பி நுழையும் முன்னறையில் ரூட்டர் என்னும் பெட்டியை வைத்தார். கம்ப்யூட்டர் இருப்பது பின்னறையில். அதை முன்னறைக்குக் கொண்டுவரலாமே என்றார். முன்னறையில் கல்யாணப் பேச்சு பேசினால் சிம்மக்கல் முழுவதும் நின்று ஆசீர்வதித்துவிட்டுத்தான் நகரும் என்பதால் ஸ்வர்ணா ஒப்பவில்லை. கம்பியில்லாமல் அனுப்பும் திறமை அந்தப் பெட்டிக்கு இல்லை. ஆகவே பெட்டியிலிருந்து பின்னறை வரை வயர் இழுக்கப்பட்டது. முற்றத்தின் நடுவில் வயர் தீர்ந்துபோனது. அருள்பாண்டி பையைத் துழாவி இன்னொரு துண்டை எடுத்தார். இரண்டையும் ஒட்டுப்போட்டு, டேப் சுற்றி, சேலைக் கொடியோடு கொடியாகக் கட்டிவிட்டார். "ஒண்ணும் ஆகாது சார். எங்க வீட்டுக்குச் செய்ற மாதிரி செஞ்சிருக்கேன்" என்றார். அவர் வீட்டில் இணைய இணைப்பே இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

4. வைகாசி முதல் தொடர்பு விட்டுப்போகத் தொடங்கியது. ஒரேயடியாகப் போயிருந்தால் தங்களுக்கு எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. அது போகும், வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொள்ளும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். மதிய வேளைகளில் வீடு முழுவதும் அரைத்தூக்கத்தில் கிடக்க, முன்னறைப் பெட்டியில் பச்சை விளக்குகள் மூச்சு விடுவதுபோல் மினுங்கும். கொடியில் சேலை மெல்ல உப்பி அடங்கும். அவ்வளவு அமைதியாக ஒரு பழுது ஒரு வீட்டில் குடியிருந்ததை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

தங்கள் தொலைபேசி எண்ணில் புகார் சொன்னேன். வீணை இசை கேட்டது. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அதையும் செய்தேன். இரண்டையும் சேர்த்து அணைத்துச் சற்று ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். அதற்கிடையில் நானும் ஓய்வெடுத்தேன். எழுந்தபோது "தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்திருந்தது.

அருள்பாண்டி பலமுறை வந்தார். முதலில் வோல்டேஜ் என்றார். அடுத்த முறை வயர் முனையைப் பிடுங்கிப் பெட்டியின் வேறு துளையில் செருகினார். "நாலு ஓட்டை இருக்கு சார். ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு. கவலைய விடுங்க." பிறகு கம்ப்யூட்டர் மேல் சந்தேகப்பட்டார். பிறகு எலி என்றார். எங்கள் வீட்டில் எலி இல்லை என்றேன். "எலி இருந்தா நல்லதுண்ணே, அடிச்சிரலாம்" என்று வருத்தத்தோடு சொன்னார். சார் என்று தொடங்கியவர் இதற்குள் அண்ணே என்று அழைக்கும் நிலைக்கு வந்திருந்தார். பழுது அப்படியே இருந்தாலும் உறவு முன்னேறியிருந்தது என்பதைத் தங்கள் நிறுவனத்தின் பாராட்டுக்குரிய அம்சமாகக் குறிப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அவர் வீட்டுக்குள் கால் வைத்த கணத்திலிருந்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பும் வரை, இணைப்பு ஒருமுறைகூட விட்டதில்லை. "எனக்குப் பயப்படுது போலண்ணே" என்று அவரே வெட்கப்பட்டார்.

5. இனி முக்கியமான செய்தி. ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு. எங்களுக்குக் காலை, பையனுக்கு முந்தைய இரவு. ஆடித் தள்ளுபடிக்கென்று கடைக்காரர் அவசரப்படுத்தியதால் கொடி நிறைய மஞ்சள் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்வர்ணா பின்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். இருவரையும் தனியே பேச விட வேண்டும் என்பது முறை. நானும் ரங்கநாயகியும் அந்த முறைப்படி முற்றத்தில் உட்கார்ந்து, காது கேளாதவர்களைப்போல் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம். (எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். தங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன். சூடு சற்றுக் குறைந்திருக்கும்.)

பையன் நன்றாகவே பேசினார். அலுவலகம் பற்றி, வெயில் பற்றி, தானே ரசம் வைக்கப் பழகியது பற்றிச் சொன்னார். ஆனால் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அம்மா சொன்னாங்க", "அப்பா பிரியப்படுறாரு" என்றே தொடங்கினார். நிறத்தில் கலப்பைக் கண்டுபிடிப்பவளுக்கு அது போதும். அவள் குரல் மாறியது. முற்றத்தில் காற்று எழும்பி, மஞ்சள் சேலைகள் ஒரே நேரத்தில் வயிறு உப்பின.

"உங்க அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு, அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு, சரி. உங்களுக்கு இதுல விருப்பமா, இல்லையா? அத உங்க வாயால சொல்லுங்க."

ரங்கநாயகியின் கையில் அவரைக்காய் அப்படியே நின்றது. சேலைகள் மெல்ல அடங்கின. உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். கேட்டு முடித்து நிமிர்ந்தபோது படம் நின்றிருந்தது. நாங்களும் முறையை மறந்து உள்ளே போய்ப் பார்த்தோம். ஹரிஷ்குமார் கண்களைப் பாதி மூடி, வாயைப் பாதி திறந்து, நீருக்கடியில் இருப்பவரைப்போல் திரையில் உறைந்திருந்தார். எங்கள் மொழியிலும் ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் வாயைத் திறந்தாக வேண்டும். அந்த வாயிலிருந்து எது வரவிருந்தது, எது ஏற்கெனவே போய்விட்டது என்று சொல்ல முடியவில்லை. அந்தப் படம் நெடுநேரம் அப்படியே இருந்தது. அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி என்று ரங்கநாயகி காபிகூடக் குடிக்கவில்லை. கடைசியில் மின்சாரம் போய் எங்களைக் காப்பாற்றியது.

6. மாலையில் வெங்கடேஷ்பாபு தொலைபேசியில் அழைத்தார். "நல்லாப் பேசினதாச் சொன்னான். அவன் சைடுல எல்லாத்தையும் சொல்லிட்டானாம். இனி நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். நான் "சரி சரி" என்றேன். வேறென்ன சொல்வது? உங்கள் மகன் சொன்ன பதில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றால், என்ன கேள்வி என்று கேட்பார். பெண் இப்படி ஒரு கேள்வி கேட்டாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதைவிட, அதை நாங்கள் எப்படிக் கேட்டோம் என்று எப்படிச் சொல்வேன்?

நீயே மறுபடி கேட்டுவிடேன் என்று ஸ்வர்ணாவிடம் சொன்னேன். "ஒரு தடவ கேட்டா அது கேள்விப்பா. ரெண்டாவது தடவ கேட்டா விசாரணை. சொன்னத மறுபடி சொல்லச் சொன்னா, மனுசன் யோசிச்சு நல்லதா மாத்திச் சொல்லுவாரு. எனக்கு அன்னிக்குச் சொன்னதுதான் வேணும்" என்றாள். பதில் தெரியாமல் சம்மதம் சொல்ல மாட்டாள். வேறு யாருடைய விருப்பத்தையோ நம்பி, பார்த்தறியாத ஒரு ஊருக்குப் போக மாட்டாள். அதில் அவள் உறுதியாக இருக்கிறாள். அவள் உறுதி தவறென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் கழித்து ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் சம்பந்தம் பேசுவதில்லை என்பதால் இரு வீட்டாரும் கௌரவமாக மௌனம் காக்க ஒரு காரணம் கிடைத்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறக்கும் காற்றில் ஒரு சம்பந்தம் பறந்துபோக எவ்வளவு நேரமாகும் என்பதைத் தாங்கள் அறியாததல்ல. ஆவணி பிறந்ததும் வெங்கடேஷ்பாபு மறுபடி கேட்பார். அதற்குள் எங்களுக்கு அந்தப் பதில் வேண்டும்.

7. இங்கேதான் தங்கள் உதவியை நாடுகிறேன். அஞ்சல் பிரிவில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். அனுப்பப்பட்ட எதுவும் இல்லாமல் போவதில்லை. பெறுநர் பெயர் இல்லாத கடிதம், மழையில் மை கரைந்த கடிதம், ஊர் பெயரை மறந்து "பெரிய வேப்பமரத்துக்கு எதிரே" என்று மட்டும் எழுதிய கடிதம், எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அவை காத்திருக்கும். ஒரு கடிதத்தைக் காற்றில் விடும் உரிமை எந்த ஊழியருக்கும் இல்லை.

பையன் பதில் சொன்னார். அது டல்லாஸிலிருந்து புறப்பட்டது. கடல் தாண்டியது. தங்கள் கோரிப்பாளையம் அலுவலகம் வரை வந்திருக்க வேண்டும். அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் எங்கள் வீடு. இவ்வளவு தூரம் வந்த ஒன்று கடைசிப் பாலத்தில் தொலைந்தது என்பதை என் அனுபவம் ஏற்க மறுக்கிறது. சில மதியங்களில் கண்ணயரும்போது நான் மறுபடி ரயிலின் அஞ்சல் பெட்டியில் நிற்கிறேன். ரயில் வைகைப் பாலத்தின் மேல் போகிறது. கீழே தண்ணீர் இல்லை, மணல் மட்டும் நிலா விழுந்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. பைகளில் கடிதங்களுக்குப் பதிலாகக் குரல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து உரிய அறையில் போடுகிறேன். ஒன்று மட்டும் கையில் சூடாக இருக்கிறது. காதருகே கொண்டுபோகும்போது விழித்துக்கொள்கிறேன். கொடியில் சேலை ஆடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மேற்படி நாளில் மேற்படி பதில் தங்கள் கம்பிகளில் எங்கே நிற்கிறது என்று தேடி, இருக்கும் நிலையிலேயே, சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுதாகக் கிடைக்காவிட்டால் முதல் சொல் போதும்.

(இதுவரை எழுதி வைத்திருந்தேன். அனுப்பும் முன் சில விஷயங்கள் நடந்துவிட்டன. எழுதியதைக் கிழிக்கும் பழக்கம் எங்கள் பிரிவில் இல்லை. ஆதலால் அதே தாளில் தொடர்கிறேன்.)

8. சென்ற வாரம் சிம்மக்கல் பேருந்து நிறுத்தத்தில் வெங்கடேஷ்பாபுவைச் சந்தித்தேன். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆடி என்பதால் அப்படித்தான் நிற்க முடியும். பேருந்து வரவில்லை. கடைசியில் அவரே, பாலத்தைப் பார்த்தபடி பேசினார்.

"சம்பந்தம் பேசல. சும்மா சொல்றேன். பையன்தான் அங்க கெடந்து பொலம்புறான்."

"ஏன், என்ன?"

"அன்னிக்கு இவனே பேசிக்கிட்டு இருந்திருக்கான். ஒங்க பொண்ணு ஏதோ கேக்க வாயத் தொறந்துச்சாம். அம்புட்டுத்தான், படம் அப்புடியே நின்னுருச்சாம். என்ன கேக்க வந்துச்சோ, கேக்காமலே விட்டுருச்சேன்னு ஒரே கவல அவனுக்கு. நீயே போன் பண்ணிக் கேளுடான்னேன். கேக்குறது அவங்க பாத்தியதைப்பா, கேக்க விருப்பமில்லாமக்கூட நிறுத்தியிருக்கலாம்லங்குறான்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நின்னுபோன அந்தப் படத்த அழிக்காம வச்சிருக்கான். வாயப் பாதி தொறந்துக்கிட்டு இருக்காம் ஒங்க பொண்ணு. தெனமும் வேலைக்குப் போகும்போது ஒரு தடவ பாத்துட்டுத்தான் போறானாம். இதெல்லாம் எங்க போயிச் சொல்ல?"

பேருந்து வந்தது. இருவரும் ஏறவில்லை.

9. ஐயா, இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில், வழியில் நின்றது பதில் அன்று, கேள்வி. திசையையே நான் தவறாகப் பிரித்திருந்தேன். ஒரு பிரிப்பாளனுக்கு இதைவிடப் பெரிய இழுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்வர்ணாவிடம் சொன்னேன். படம் வைத்திருப்பதையும் சொன்னேன். "அப்ப நான் இன்னும் கேக்கவே இல்லையா?" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த நிறத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

ஆடியில் பேசலாமா என்ற ஐயம் எழுந்தது. "சம்பந்தம் பேசத்தான் கூடாது. கேள்வி கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்று ரங்கநாயகி தீர்ப்பளித்தார். போனில் கேட்டுவிடு என்றதற்கு, "முகத்தப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஸ்வர்ணா முன்னறையில் பெட்டியின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஆலையில் டப்பாக்களைப் பார்ப்பதுபோல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெட்டியில் ஒரு விளக்கு தெருவிலிருந்து வரும் கம்பிக்கு. இன்னொன்று கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பிக்கு. தொடர்பு விட்டபோதெல்லாம் தெரு விளக்கு அசையாமல் எரிந்தது. அணைந்தது மற்றது. தங்கள் அலுவலகம் இவ்வளவு நாளும் தெரு விளக்கையே பார்த்துத் "தீர்க்கப்பட்டது" என்று சொல்லி வந்திருக்கிறது. அந்தவரையில் அது உண்மையே.

"அம்மா! இப்ப என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலடி. சேலையத் திருப்பிப் போட்டேன்."

"திரும்பத் திருப்பு."

"என்னடி, வேலை இல்லையா எனக்கு?"

"திருப்பும்மா!"

சேலை அசைந்தது, விளக்கு அணைந்தது. சேலை நின்றது, விளக்கு எரிந்தது. மூவரும் கொடியடியில் கூடினோம். வயரின் ஒட்டில் அருள்பாண்டி சுற்றிய டேப்பைக் காணோம். அந்த இடத்தில் மெல்லிய வண்ணக் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நேராக்கப்பட்டு, நிறம் பார்த்து வரிசைப்படுத்தப்பட்டு, வெள்ளை நூலால் அழகான சுங்குடி முடிச்சுகளில் கட்டப்பட்டிருந்தன. அவ்வளவு சீரான வேலையைத் தங்கள் நிறுவனம் எங்கும் செய்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

"வெயில்ல அந்த டேப்பு எளகி விழுந்துருச்சு. உள்ள பாத்தா ரெண்டு ரெண்டாப் பின்னிச் சிக்குப் பிடிச்சுக் கெடந்துச்சு. பாக்கச் சகிக்கல. பிரிச்சுக் கட்டி வச்சேன்" என்றார் ரங்கநாயகி. எப்போது என்றதற்கு, "அப்பவே, வைகாசில" என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சிக்கெடுத்ததையெல்லாமா சொல்லுவாங்க?" என்றார்.

அருள்பாண்டி வந்தால் மட்டும் பழுது ஒளிந்துகொண்ட மர்மமும் அப்போது விளங்கிற்று. வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஈரத் துணி அறையக் கூடாது என்று, அவர் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதுமே ரங்கநாயகி கொடியிலிருந்த சேலைகளை எடுத்துவிடுவார். பழுதை நாங்களே ஒவ்வொரு முறையும் மரியாதையாக அப்புறப்படுத்திவிட்டுத்தான் காபி கொடுத்திருக்கிறோம்.

10. அருள்பாண்டியை வரவழைத்தேன். முடிச்சுகளைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் அசந்து நின்றார்.

"அக்கா, அது முறுக்கித்தான் இருக்கணும்."

"யாரு சொன்னா?"

"கம்பெனில சொன்னாய்ங்க."

"எதுக்கு முறுக்கணும்?"

"அது அவிங்களுக்கே தெரியுமான்னு தெரியலக்கா."

முடிச்சுகளை அவிழ்க்க அவரால் இயலவில்லை. ரங்கநாயகியே நூலைப் பிடித்து ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொடுத்தார். அவர் கம்பிகளை மறுபடி முறுக்கி, டேப் சுற்றினார். அதன் பலனைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். முன்பு சேலை ஆடினால் மட்டும் விட்ட தொடர்பு, இப்போது வெறுங்கொடி ஆடினாலும் விட்டது. "ஒட்டு ஒட்டுத்தாண்ணே. முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒரே வயரா இழுக்கணும். ஆபீஸ்ல வயரு இல்ல. வரும், வரும்ங்குறாய்ங்க" என்று சொல்லிவிட்டு, காபியை மட்டும் முடித்துக்கொண்டு போனார்.

11. நேற்று ஞாயிறு. ஆடிக் காற்று காலையிலேயே ஆற்றுப் பக்கமிருந்து கிளம்பிவிட்டது. கொடி ஊஞ்சலாடியது. ஆட்டத்தை நிறுத்தக் கனம் வேண்டும் என்று ரங்கநாயகி ஒரு ஈரச் சேலையை மடித்துப் போட்டார். அது போதவில்லை. நான் போனேன்.

ஒட்டு இருந்த இடத்தைச் சேலையோடு சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். முன்னறையிலிருந்து ரங்கநாயகி, "எரியுது, எரியுது, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேலையின் மற்றொரு தலைப்புக் காற்றில் எழும்பி என் தலையை மூடிக்கொண்டது. எடுக்கக் கை இல்லை. உள்ளே எல்லாம் மஞ்சளாக இருந்தது. வெயில் சேலை வழியாக வந்தது. இன்னும் அவிழ்க்காத முடிச்சுகள் சின்னச் சின்ன இருட்டாகக் கண் முன்னே நின்றன. சாய வாசனை. காதருகே ஈரத் துணி ஓயாமல் படபடத்ததால் பின்னறையிலிருந்து எந்தச் சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. என் கைக்குள் இருந்த வயரில் அவள் கேள்வி ஒரு பக்கமாகப் போயிருக்க வேண்டும். மறு பக்கமாகப் பதில் வந்திருக்க வேண்டும். பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பேரின் சொற்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றையும் நான் திறந்து பார்த்ததில்லை. நேற்றும் அப்படியே இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரோ தலையிலிருந்து சேலையை விலக்கினார்கள். ஸ்வர்ணா நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தேன். பார்வை மஞ்சளுக்குப் பழகியிருந்ததால் சரியாக ஒன்றும் தெரியவில்லை.

"கையை விடுங்கப்பா. பேசியாச்சு."

முறைப்படி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் சாயத்தைத் தட்டிவிடப் பார்த்தாள். அது போகாது என்று அவளுக்குத் தெரியும். பிறகு கேட்டாள்:

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் இதே மாதிரி பிடிச்சுக்க முடியுமாப்பா?"

12. ஆகவே, ஐயா, பத்தி ஏழில் கண்ட கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தேடிய பொருள் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டதாக நம்புகிறேன். ஆனிக் கடைசி ஞாயிறன்று புறப்பட்ட பழைய கேள்வி தங்கள் கம்பிகளில் எங்கேனும் இன்னமும் காத்துக்கொண்டிருந்தால் அதை எழுப்ப வேண்டாம். அதற்கு இப்போது வேலை இல்லை.

அதற்குப் பதிலாக நான் கேட்பது ஒரே ஒரு வயர். முன்னறையிலிருந்து பின்னறை வரை, நடுவில் ஒட்டில்லாமல், ஒரே நீளமாக, சேலைக் கொடியை விட்டு விலகிச் சுவரோரமாக வர வேண்டும். ஆவணி முதல் முகூர்த்தத்திற்குள் அது வந்துவிட்டால் நல்லது. எனக்கு வயதாகிறது, காற்றுக்கு ஆகவில்லை. இரு வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று ஆட்கள் வந்துபோகத் தொடங்கிவிட்டால், பெண்ணின் தகப்பன் முற்றத்தில் சேலையைப் போர்த்திக்கொண்டு நிற்பது பார்க்க அழகாக இருக்காது.

வயரைக் கொண்டுவர அருள்பாண்டியையே அனுப்பவும். ஒட்டுப்போட்டதற்காக அவர்மேல் நடவடிக்கை வேண்டாம். "தீர்க்கப்பட்டது" என்ற செய்தியை இந்த ஒருமுறை மட்டும் வயர் வந்த பிறகு அனுப்பினால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

அடுத்த ஞாயிற்றுக்குள் தங்கள் ஆள் வருவார் என்று எதிர்பார்த்து, கை மரத்துப்போன நிலையில்,

இப்படிக்குத் தங்கள் இணைப்பில் இருக்கும்,
(ஒப்பம்)
டி. ஆர். பத்ரிநாத்

இடம்: மதுரை
நாள்: 6 ஆகஸ்ட் 2007, திங்கட்கிழமை

இணைப்பு: ஏதுமில்லை. சான்றுக்காக அந்த வயர் ஒட்டை வெட்டி அனுப்பத்தான் நினைத்தேன். அது பயன்பாட்டில் இருக்கிறது.